வண்டியை விட்டு இறங்காத மனுஷனை ஆண்டவர் இறக்கினார்

ஆண்டவருடைய பிள்ளைகளுக்கு எஸ்தர் எழுதுகிறேன். சபையில் மைக்கைக் கையில் கொடுத்தால் எனக்கு முதலில் அழுகைதான் வரும், பேச்சு வராது. போன முறை எழுந்து நின்று பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதைப் பார்த்துத்தான் பாஸ்டரம்மா, எழுதிக் கொடுத்துவிடு, எல்லாரும் வாசிக்கட்டும் என்றார்கள். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஒன்றைப் பத்தாக்கிச் சொல்வது எனக்கும் பிடிக்காது, ஆண்டவருக்கும் பிடிக்காது.

எங்கள் வீடு திருவொற்றியூரில். எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குள் போக டிரெய்லர் லாரிகள் வரிசையாக நிற்குமே, அந்த ஓரத்தில் எனக்கு ஒரு டிபன் கடை. தள்ளுவண்டிக் கடைதான். என் வீட்டுக்காரர் மனோகரன் அந்த வரிசையில் நிற்கிற டிரைவர்களில் ஒருவர். துறைமுகக் கேட்டுக்குள் நுழைய ஒரு பகல் ஆகலாம், கூடவே ஒரு ராத்திரியும் ஆகலாம். அதுவரை டிரைவர் வண்டியை விட்டு இறங்கமாட்டார். இறங்கிப் போன நேரம் பார்த்து வரிசை நகர்ந்தால் பின்னால் இருப்பவர் முந்திக்கொள்வார், இடம் போய்விடும். வரிசை நகராவிட்டால் யாராவது பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் சாப்பாடு, தூக்கம், சவரம் எல்லாமே கேபினுக்குள்தான். சின்ன கேஸ் அடுப்பு வைத்து அங்கேயே சோறு பொங்குவார்கள். நானே இட்லிப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகத்தான் நீட்டுவேன். ரொம்ப அவசரம் என்றால் பக்கத்து வண்டிக்காரரிடம் "பாத்துக்க தோஸ்து" என்று சொல்லிவிட்டு ஓடுவார்கள். சொன்னவர் திரும்பி வரும்வரை அந்த ஆள் ரெண்டு வண்டிக்கும் காவல். அந்த வார்த்தையை யாரும் மீறமாட்டார்கள்.

என் வீட்டுக்காரர் இந்த விஷயத்தில் எல்லாருக்கும் அண்ணன். ஒரு தடவை காய்ச்சலில் உடம்பு கொதிக்கிறது, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்று நான் ஜன்னலுக்குக் கீழே நின்று கத்துகிறேன். அந்த மனுஷன் கண்ணாடியை ஏற்றிவிட்டார். அப்படி ஒரு பிடிவாதம். கல்யாணமான நாளிலிருந்து அதோடுதான் குடும்பம் நடத்துகிறேன்.

போன வருஷம் மழைக்காலத்தில், துறைமுகத்தில் வந்து இறங்கிய ஒரு பெரிய மிஷினை நீலகிரி மலையில் இருக்கிற டீ ஃபேக்டரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. வழக்கமாக மலைக்குப் போகிற டிரைவருக்கு உடம்பு சரியில்லை. லாரி ஓனர் வந்து கேட்டார், இவர் சரி என்றுவிட்டார். பிறந்ததிலிருந்து கடலையும் ரோட்டையும் பார்த்த மனுஷன். மலையை டிவியில்தான் பார்த்திருக்கிறார். போகிற அன்று, குளிருமாமே என்று மகளுடைய ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, கை நுழையாமல் திருப்பிக் கொடுத்தார். நாங்கள் ரெண்டு பேரும் சிரித்தோம்.

வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தது. ராத்திரி முழுக்க மலையில் மழையாம். முன்னால் ஒரு இடத்தில் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டதாம். இவருக்கு முன்னால் ஒரு காய்கறி வேன், பின்னால் ஒரு பஸ், எல்லாரும் நிற்கிறார்களாம். முந்தின நாளிலிருந்து டிவியில் மலைச்சரிவு பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வண்டியை விட்டு இறங்கி, பக்கத்தில் ஏதாவது வீட்டுக்குப் போ என்றேன்.

"வண்டிய வுட்டுட்டு எங்க போறது? ஜேசிபி வந்துகினு கீதாம். எறங்கினா நம்ம எடம் பூடும்."

"அந்தக் காட்டுல உன் எடத்தப் புடிக்க யாருய்யா வரப்போறான்?"

"உனுக்குத் தெரியாது எஸ்தரு. வண்டியில கீறவனுக்குத்தான் வரிசை. நீ இன்னாத்துக்கு பேஜாராவுற, சோறு வச்சிருக்கேன், துண்ணுட்டுப் படுத்துக்குறேன்."

அதோடு லைன் அறுந்தது. அப்புறம் எத்தனை தடவை அடித்தாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வந்தது. மகளும் அவள் போனிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை எங்கள் சபையில் உபவாச ஜெபம் என்பது உங்களுக்குத் தெரியும். கடையை மூடிவிட்டு ஓடினேன். முழங்கால்படியிட்டேன். மழையை நிறுத்தும் ஆண்டவரே, மலையைத் தாங்கும் ஆண்டவரே என்று ஆரம்பித்தேன். ஆனால் மனசுக்குள் மலை வரவே இல்லை. அந்தக் கேபினும், அதற்குள் அந்த மனுஷன் கால் நீட்டிப் படுத்திருப்பதும்தான் வந்தது. நான் இருபது வருஷமாகப் பேசியும் இறங்காத மனுஷன், மலை சொன்னால் மட்டும் இறங்குவாரா? அப்போதுதான் என் வாய் தானாக மாறியது. "அவர எறக்கு ஆண்டவரே" என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். என் பக்கத்தில் இருந்த சகோதரிகளுக்கு என்ன ஏது என்று முழுசாகத் தெரியாது. ஆனாலும் அவர்களும் கூடவே "எறக்கும் ஆண்டவரே" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தக் கூடம் முழுக்க அந்த ஒரே வார்த்தைதான். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

ஜெபம் முடிந்து வெளியே வந்தபோது மனசில் ஒரு சமாதானம் இருந்தது. அதோடு சாட்சி முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். சாயங்காலம் ஓனர் போன் பண்ணினார். பெரிய மனுஷன், பேச முடியாமல் தேம்பினார். வண்டி நின்ற ரோட்டின் மேல் மலையே சரிந்து விழுந்துவிட்டதாம். நின்றிருந்த வண்டிகளை அடித்துக்கொண்டு பள்ளத்தில் போட்டுவிட்டதாம். ஆட்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லையாம்.

மறுநாள் காலையில் ஒரு போட்டோ வந்தது. மகள் என்னிடம் காட்டாமல் மறைத்தாள், நான் பிடுங்கிப் பார்த்தேன். சேற்றுக்குள் நம் லாரியின் பச்சைக் கேபின். அப்பளம் நொறுங்குகிற மாதிரி நொறுங்கி, கூரையும் சீட்டும் ஒட்டிக் கிடந்தது. ஒரு குழந்தையைக்கூட அதற்குள் வைக்க முடியாது. நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. மழையை நிறுத்தக் கேட்டேனா? மலையைப் பிடிக்கக் கேட்டேனா? ஒரே ஒரு ஆளை இறக்கிவிடத்தானே கேட்டேன், அதுகூட உமக்கு முடியவில்லையா என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். பாஸ்டரம்மா வந்து உட்கார்ந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கம்பக்கத்தார் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக உள்ளே வர ஆரம்பித்தார்கள். சாவு வீட்டுக்கு வருகிற மாதிரியே வந்தார்கள்.

மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன். ஒரு பெண் குரல்.

"எஸ்தரக்காவா? ஒங்க வீட்டுக்காரரு இங்க எங்களோட முகாம்ல இருக்காரு. பயப்படாதீங்க. சாப்பிட்டுட்டு இருக்காரு."

சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் நான் அழுதேன். வீடே அழுதது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கையைத் தட்டி ஸ்தோத்திரம் சொன்னார்கள். அவர் போனை வாங்கி முதலில் சொன்னது என்ன தெரியுமா? "வண்டி பூட்ச்சி எஸ்தரு" என்றார். போனால் போகட்டும்யா, நீ சாப்பிடு என்றேன். அவருடைய போன் நனைந்து செத்துவிட்டதாம், என் நம்பர் ஞாபகம் இல்லையாம். என் கடைப் பலகையில் நம்பரைப் பெயிண்டால் எழுதியது அவர்தான். எழுதின கை மறக்கவில்லை போலிருக்கிறது, மண்ணில் விரலால் எழுதிப் பார்த்துத்தான் அந்த நம்பரைச் சொன்னாராம்.

போன் பண்ணிய பெண்ணின் பெயர் மாரியாயி. டீ எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். ஆண்டவர் என் ஜெபத்துக்கு எப்படிப் பதில் கொடுத்தார் என்பதை வீட்டுக்கு வந்த பிறகு இவர் சொன்னார். அதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் மகள் பயந்துவிட்டாள்.

பின்னால் நின்ற பஸ்ஸில் பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பிய ஒரு சின்னப் பெண் இருந்தாள், கையில் பச்சைக் குழந்தை. அதே பஸ்ஸில்தான் மாரியாயியும். இவர் கேபினிலிருந்து சோறு கொதிக்கிற ஆவி வருவதைப் பார்த்துவிட்டு, குழந்தைக்குச் சுடுதண்ணீர் வேண்டும் என்று மாரியாயிதான் வந்து கேட்டிருக்கிறாள். இவர் கொடுத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் பஸ் ஜனங்கள் எல்லாரும் இறங்கி, ஓடைக்கு அந்தப் பக்கம் பாறை மேட்டில் இருக்கிற கொழுந்து நிறுக்கும் ஷெட்டுக்குப் போக முடிவு செய்தார்கள். ரோட்டுக்கு மேலே இருந்த சரிவிலிருந்து சேறு கசிய ஆரம்பித்திருந்ததாம், மலையில் பழகினவர்களுக்கு அது நல்லதாகப் படவில்லை. மாரியாயி இவரையும் கூப்பிட்டாள். இவர் வழக்கம்போல வண்டியை விட்டு வரமாட்டேன் என்றார். சரி, குழந்தைக்கு மேலே போய்த் தண்ணீர் காய்ச்ச வேண்டும், அடுப்பையாவது கொடுங்கள் என்றாள். இளகின மனசுக்காரர்தான், கொடுத்துவிட்டார். அடுப்பில் இருந்த சோற்றுப் பானையோடு அதைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்துவிட்டாள்.

"யம்மா, சோத்த எங்க எத்துகினு போற?" என்று இவர் கத்தியிருக்கிறார்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். "வண்டி எங்கயும் போவாதுண்ணே. சோறு வேணும்னா மேல வந்து சாப்பிடுங்க."

நினைத்துப் பாருங்கள். இங்கே நாங்கள் பட்டினியாக முழங்காலில் இருக்கிறோம். அங்கே என் ஆண்டவர் அந்த மனுஷனுடைய சோற்றில் கை வைத்தார். அதே நிமிஷம் என்று சொல்லமாட்டேன், நான் கடிகாரம் பார்க்கவில்லை. அதே மத்தியானம்தான். இடி முழங்கவில்லை, தரிசனம் வரவில்லை. இவரை என்னைவிட நன்றாக அறிந்தவர் அவர் ஒருவர்தான். பேசினால் இறங்கமாட்டான், பசித்தால் இறங்குவான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இருபது வருஷம் இந்த மனுஷனுக்குச் சோறு போட்ட எனக்கு அது தோன்றவில்லையே.

கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பசி தாங்கவில்லை. கதவைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். முன்னால் இருந்த காய்கறி வேனில் குமார் என்று மேட்டுப்பாளையத்துப் பையன் ஒருவன். காலையிலிருந்து ரெண்டு பேரும் பேசிப் பழகியிருந்தார்கள். அவனையும் கூப்பிட்டார். அவன் சிரித்துக்கொண்டே, நான் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன், எனக்கும் ஒரு கை சோறு கொண்டுவாருங்கள் அண்ணே என்றான். இவரும் நம் ஊர் வழக்கப்படி, "பாத்துக்க தோஸ்து, தோ வந்துட்றேன்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார்.

ஷெட்டில் மாரியாயி அந்தப் பானைச் சோற்றில் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். இவர் குமாருக்கு முதலில் ஒரு தட்டில் வாங்கிக்கொண்டு கீழே இறங்கப் பார்த்தார். அவள் விடவில்லை, நீங்கள் சாப்பிட்டு முடித்து அப்புறம் கொண்டுபோங்கள் என்று அதட்டி உட்கார வைத்தாள். இவர் கையில் சோறு இருக்கும்போதுதான் எதிர்ப்பக்க மலை அசைந்தது.

முதலில் மரங்கள் நடந்தனவாம். சாயவில்லையாம், நின்றது நின்றபடியே கீழ்நோக்கி நடந்து வந்தனவாம். அப்புறம்தான் சத்தம். யார்டில் காலிக் கண்டெய்னர்களை ஒன்றன்மேல் ஒன்று போடும் சத்தம் எங்களுக்குப் பழக்கம். அந்தச் சத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்ததாம். வீடு பெரிசுக் கல் எல்லாம் சேற்றில் மிதந்து போனதாம். பச்சை மண் வாசனை மூக்கை அடைத்ததாம். எல்லாம் அடங்கிப் பார்த்தால், மலை உச்சியிலிருந்து பள்ளம் வரைக்கும் பச்சைப் புடவையைக் கிழித்துப் போட்ட மாதிரி சிவப்பாக ஒரே கோடு. ரோடு இல்லை. பஸ் இல்லை, லாரி இல்லை. குமாரும் இல்லை. குமாருக்கு என்று எடுத்து வைத்த தட்டு பக்கத்தில் அப்படியே இருந்தது.

இவர் அழுது நான் பார்த்ததில்லை. இந்த இடத்தைச் சொல்லும்போது அழுதார்.

ஒரு மலையை இப்படிப் போட்டு நொறுக்க முடிகிற இடத்தில், அதற்கு எதிரே ஒரு தகரக் கொட்டகையில் கைக்குழந்தையிலிருந்து எல்லாரையும் ஆண்டவர் பொத்தி வைத்திருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு வாய் அடைத்துப்போகிறது. அந்த மலை ஜனங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராத்திரி முழுக்க ஒருத்தரை ஒருத்தர் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஈரமில்லாத ஒரே கம்பளியைப் பிரசவித்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் தீயணைப்புக்காரர்களும் ராணுவக்காரர்களும் அந்தச் சேற்றின் குறுக்கே கயிறு கட்டி வந்தார்கள். தாயை நாற்காலியில் வைத்துத் தோளில் தூக்கினார்கள். ஒரு வீரர் குழந்தையைத் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, இடுப்பளவு சேற்றில் கடந்தாராம். எதற்கெடுத்தாலும் கிண்டல் பேசுகிற என் வீட்டுக்காரர், நின்ற இடத்திலேயே சல்யூட் அடித்தாராம்.

முகாமுக்கு வந்த பிறகுதான் இவருக்கு இன்னொன்று தெரிந்தது. அந்தச் சிவப்புக் கோட்டுக்கு அடியில் எஸ்டேட் வீடுகள் ஒரு வரிசை போயிருந்தது. அதில் ஒன்று மாரியாயியுடைய வீடு. அவள் வீட்டு ஆட்கள் முன்னாடியே ஷெட்டுக்கு வந்துவிட்டதால் உயிர் பிழைத்தார்கள். மற்றதெல்லாம் மண்ணோடு போயிற்று. அது தெரிந்தும் ராத்திரி முழுக்க ஒரு வார்த்தை சொல்லாமல், மற்றவர்களுக்குத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் நம் சபைக்காரி இல்லை. நெற்றி நிறையக் குங்குமம் வைக்கிறவள். என் ஆண்டவர் என் ஜெபத்துக்குப் பதிலாக அனுப்பிய ஆள் அவள்தான் என்று எந்த மேடையிலும் சொல்வேன். இப்போது வாரா வாரம் போனில் பேசுகிறோம். என்னை அக்கா என்று கூப்பிடுகிறாள். அண்ணன் சாப்பிட்டாரா என்றுதான் முதலில் கேட்பாள்.

குமாருடைய விஷயம் மட்டும் எங்களை விடவில்லை. இவர் சாப்பிட உட்காருவார், பாதியில் எழுந்துவிடுவார். "பாத்துக்கன்னு நான்தான சொன்னேன்" என்பார். என்னை மாதிரியே ஒருத்தி மேட்டுப்பாளையத்தில் அன்றைக்கு வேண்டிக்கொண்டிருந்திருப்பாள். அவள் சாமியிடம் அவளும் அழுதிருப்பாள். என் ஜெபம் ஏன் கேட்கப்பட்டது, அவளுடையது ஏன் கேட்கப்படவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உங்களுக்கு எழுதினால் அது பொய். போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

போனோம். குமாரின் மனைவி கவிதா, சின்ன வயசு. எங்களைத் திட்டுவாள், திட்டட்டும் என்று நினைத்துத்தான் வாசலில் நின்றோம். இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், நான்தான் அவனை வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு உள்ளே போய் ரெண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"நீங்க சொல்லலைன்னாலும் அவரு வண்டிய விட்டு வந்திருக்க மாட்டாருங்ணா. ஒருத்தராவது வீடு வந்து சேந்தீங்களே, அது போதும்" என்றாள்.

நான் எத்தனையோ சாட்சி கேட்டிருக்கிறேன். அவள் சொன்ன அந்த வார்த்தைக்கு முன்னால் என் சாட்சி சின்னது. அதற்கப்புறம்தான் என் வீட்டுக்காரர் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தார்.

இவர் இன்னும் டிரெய்லர்தான் ஓட்டுகிறார். ஆனால் மாறிவிட்டார். மழை வலுத்தால், உடம்பு சரியில்லை என்றால், வரிசை போனாலும் போகட்டும் என்று இறங்கிவிடுகிறார். மற்ற டிரைவர்களிடம் போய்க் கண்ணாடியைத் தட்டி அவர்களையும் இறங்கச் சொல்கிறார். கிண்டல் பண்ணுகிறார்கள், பண்ணட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறார். கடைசி வரிசையில்தான் உட்காருகிறார், அதையும் நான் மறைக்கவில்லை.

என் பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் இறங்காத ஆள் ஒருவர் இருக்கலாம். குடியை விட்டு, கோபத்தை விட்டு, வீம்பை விட்டு இறங்காதவர். நீங்கள் பேசிப் பேசிக் களைத்திருக்கலாம். அந்த ஆளின் பேரைச் சொல்லி ஆண்டவரிடம் கேளுங்கள், எதை விட்டு இறங்க வேண்டுமோ அதையும் சொல்லிக் கேளுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம், ஒரு வார்த்தை போதும். எந்த வழியில் இறக்க வேண்டும் என்று ஆண்டவருக்கு யோசனை சொல்லாதீர்கள், நமக்கு அந்த அளவு புத்தி கிடையாது. மலையையும் அவர்தான் படைத்தார், மனுஷனுடைய வயிற்றையும் அவர்தான் படைத்தார்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரம் முழங்காலில் நிற்கும்போது என் குடும்பத்துக்காக ஜெபிக்க வேண்டாம், எங்களுக்கு நிறையக் கிடைத்துவிட்டது. மேட்டுப்பாளையத்தில் கவிதா என்று ஒரு சகோதரி இருக்கிறாள். ரெண்டு சின்னப் பிள்ளைகள். அவளுக்காக ஜெபியுங்கள்.